பேராசிரியர்களுக்குக் கதைக்கப் படிப்பித்த கதை

ஊருக்கெல்லாம் படிப்பிக்கிறவர்களுக்குக் கதைக்கப் படிப்பிப்பதுதான் என் தொழில். கனடாவில், மொன்றியல் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. அங்கே ஆராய்ச்சி செய்பவர்கள், ஆய்வுகூடத்தில் நிற்பவர்கள், நூலகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இப்போது வெளியாட்களோடு கதைக்க வேண்டியிருக்கிறது. வானொலியில் கூப்பிடுகிறார்கள், பாடசாலைகளுக்குக் கூப்பிடுகிறார்கள், ஊர்க்கூட்டங்களில் சனம் எழும்பிக் கேள்வி கேட்கிறது. அங்கே போவதற்கு முன் இவர்களை என்னிடம் அனுப்புவார்கள். விரும்பி வந்தவர் என்று ஒருவரையும் நான் கண்டதில்லை. பல் பிடுங்கப் போகிற முகத்தோடுதான் வந்து இருப்பார்கள்.

பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் ஏதோ கேட்க நினைத்துக் கையை அரைவாசி தூக்கி, எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் தலையைச் சொறிவதுபோல இறக்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய படிப்புப் படித்தவர்களும் உங்களைப் போலத்தான் தலையைச் சொறிகிறார்கள். படிப்பிக்கிற நானும் சொறிந்திருக்கிறேன்.

பஸ் தரிப்பில் ஒரு பேராசிரியர்

நான் முன்பு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். டொக்டர் சொல்வதை நோயாளிக்கு விளங்க வைத்துப் பழகியவள் என்பதால்தான் நத்தலி என்னை எடுத்தாள். நத்தலி எங்கள் பிரிவின் தலைவி, இங்கே கெபெக்கிலேயே பிறந்தவள், லேசில் சிரிக்காதவள். முதல் வகுப்புக்கு முன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பௌதிகப் பேராசிரியர் மிஷேல் வருகிறார். இது வீண் வேலை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் வகுப்பை மூடிவிடுவார்கள்" என்றாள். அந்த வேலையை நம்பித்தான் ஆஸ்பத்திரி வேலையை விட்டிருந்தேன்.

மிஷேல் கோட்டைக் கழற்றாமல் முன் வரிசையில் இருந்தார். நான் எல்லாருக்கும் ஒரு பயிற்சி கொடுத்தேன். பஸ் தரிப்பில் நிற்கிறீர்கள், பக்கத்தில் நிற்கிற ஆள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கிறார், பஸ் வருவதற்குள் விளங்கும்படி சொல்ல வேண்டும். "பஸ் தரிப்பில் நான் யாரோடும் கதைப்பதில்லை" என்றார் மிஷேல். ஒரு சிலர் சிரிப்பை அடக்கினார்கள். விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போயிருக்கலாம். பதற்றத்தில் என் வாய் முந்திக்கொண்டது. "அப்படியென்றால் உங்கள் மனைவி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். மிஷேல் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "அவள் கேட்பதை விட்டு எவ்வளவோ காலம்" என்று சொல்லி எழும்பி வெளியே போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மிச்ச வகுப்பை எப்படி நடத்தினேன் என்று நினைவில்லை. 

அந்த வாரம் முழுக்க மின்னஞ்சலைத் திறக்கப் பயந்துகொண்டிருந்தேன். அடுத்த வகுப்புக்கு எல்லாருக்கும் முதல் மிஷேல் வந்து இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும், முன்னால் இருந்த வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நேற்றுச் சாப்பாட்டு மேசையில் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். பஸ் வருவதற்குள் முடிக்க முடியவில்லை. ஆனால் அவள் எழும்பிப் போகவில்லை."

கதிரை ஆணா பெண்ணா

பிரெஞ்சில் கதிரைக்கும் கதவுக்கும்கூட ஆண் பெண் உண்டு. வந்தேறிகளுக்கான இலவச வகுப்பில் கற்ற பிரெஞ்சு என்னுடையது; இன்றைக்கும் அவசரத்தில் பெண்ணை ஆணாக்கி ஆணைப் பெண்ணாக்கி விடுவேன். நூலகத்தில் இருந்து வந்த கொலெத் என்ற அம்மா இதைப் பிடித்துக்கொண்டார். முதலில் வாய்க்குள் திருத்தினார். பிறகு பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கத் திருத்தினார். கடைசியில் நான் வசனத்தை முடிக்க முன்னமே எல்லாருக்கும் கேட்கத் திருத்தத் தொடங்கினார். என் உள்ளங்கை வேர்த்து, பலகையில் எழுதுகிற பேனை வழுக்கியது. இடைவேளையில் நத்தலி கோப்பியோடு வந்து, "மிச்சத்தை நான் எடுக்கவா" என்று கேட்டாள். எடு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வேண்டாம் என்றேன். அன்றைக்கு விட்டால் அந்த அறைக்குள் நான் இனிமேல் வரமாட்டேன் என்று தெரிந்தது.

இடைவேளைக்குப் பிறகு கொலெத்தின் முறை. புதிதாக வருகிற பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு நூலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழும்பினார். ஒரு பிழை இல்லாத பிரெஞ்சு. ஆனால் அதைத் தன் சப்பாத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பின் வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்க் கிளாசைத் தூக்கினார். தண்ணீர் மேசையில் சிந்தியது.  அவர் என்னைத் திருத்தியதெல்லாம் இந்த நேரம் வந்துவிடுமே என்ற பயத்தில்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவருக்கு முன்னால், முழங்கால் முட்டுகிற தூரத்தில் இருந்தேன். "எல்லாருக்கும் வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லுங்கள். இன்றைக்கு உங்களிடம் கடைசியாக யார் வந்தது?" என்று கேட்டேன். ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வந்து, சத்தம் இல்லாத இடத்தில் கொஞ்சம் கண்ணை மூடலாமா என்று கேட்டதை எனக்குச் சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்ல முகம் நிமிர்ந்தது. பின் வரிசைக்கும் கேட்டது.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நீங்கள் பிழையான பிரெஞ்சில் எங்கள் கண்ணைப் பார்த்துக் கதைக்கிறீர்கள். நான் சரியான பிரெஞ்சில் நிலத்தைப் பார்த்துக் கதைக்கிறேன்."

திரும்பக் கேளுங்கள்

வானொலிக்குப் போகிறவர்களுக்கு நான் பொல்லாத பத்திரிகைக்காரி வேடம் போடுவேன். மைக், சிவப்பு விளக்கு எல்லாம் உண்டு. யானிக் என்ற இளைஞன் தடுப்பூசி பற்றி ஆராய்கிறவன், மென்மையான ஆள். வழக்கமாக எல்லாரிடமும் கேட்பதைத்தான் அவனிடமும் கேட்டேன்: "உங்கள் சொந்தப் பிள்ளைக்கு இதைப் போடுவீர்களா?"

அவன் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது. மைக்கைச் சட்டையில் இருந்து பிடுங்கி மேசையில் வைத்துவிட்டுச் சுவரோடு போய் நின்றான். நான் விளக்கை அணைத்தேன். வெளியில் அடுத்த ஆள் காத்திருந்தார், கதவைப் பூட்டினேன். கொஞ்சம் ஆறிய பிறகு சொன்னான். யாரோ ஒருவன் அவன் வீட்டுக்கு போன் எடுத்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, மகள் போகிற பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தின் பெயரையும் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து யானிக் மகளைத் தானே கூட்டிக்கொண்டு போய்த் தானே கூட்டி வருகிறான். மனைவிக்குக்கூட ஏன் என்று சொல்லவில்லை.  இதை நத்தலிக்குச் சொல்லத்தான் வேண்டும் என்றேன். அவன் தலையாட்டினான். கூப்பிட்டதும் வந்து, அவள் அந்த நிமிஷமே பாதுகாப்புப் பிரிவுக்கும் பொலிசுக்கும் அறிவித்தாள். அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும், "எந்தக் கேள்விக்குப் பயப்படுகிறீர்கள்?" என்று முதலே தனியாகக் கேட்காமல் நான் மைக்கைத் தொடுவதில்லை.

நத்தலி போன பிறகு நான் சாமான்களை அடுக்கத் தொடங்கினேன். வானொலிக்கு அவன் போக வேண்டியதில்லை, வேறு ஆளை அனுப்புகிறோம் என்றேன். யானிக் வந்து பழையபடி கதிரையில் இருந்து, மைக்கைச் சட்டையில் குத்தினான்.

"திரும்பக் கேளுங்கள். இந்த முறை பதில் சொல்லிவிட்டுத்தான் வெளியே போகப்போகிறேன்."

வெள்ளைப் புகை

பரமேஸ்வரன் அண்ணை யாழ்ப்பாணத்து ஆள். எங்கள் இரசாயன ஆய்வுகூடத்தில் குளிர் வாயுக்கள் எல்லாம் அவர் பொறுப்பு. பல்கலைக்கழகத்தை ஊருக்குத் திறந்துவிடுகிற நாளில், திரவ நைதரசனில் ரோசாப் பூவைத் தோய்த்துக் கண்ணாடி மாதிரி உடைத்துக் காட்டச் சொல்லி அவரைப் பிடித்துவிட்டார்கள். "தங்கச்சி, எனக்கு மிசினோடை கதைக்கத்தான் தெரியும். சனத்தோடை கதைக்க வராது" என்றார். அவரும் நானும் பிரெஞ்சு வசனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினோம். அன்றைக்கு நல்ல வரிசை. அண்ணை பாடமாக்கியதை ஒப்புவித்தார், பூவும் உடைந்தது, சனம் கைதட்டியது. நான் மூச்சு விட்டேன்.

அந்த நேரம் ஒரு சின்னப் பெண்பிள்ளை கயிற்றுக்குக் கீழால் நுழைந்து வந்துவிட்டது. திறந்திருந்த குடுவையில் இருந்து வெள்ளைப் புகை வழிந்துகொண்டிருந்தது. பிள்ளை கையை நீட்டிக்கொண்டு அதன் பக்கம் போனது. விரல் உள்ளே போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. அண்ணைக்குப் பாடமாக்கிய பிரெஞ்சு, இங்கிலீசு எல்லாம் ஒரே அடியாகப் போய்விட்டது. "கையை எடு பிள்ளை" என்று தமிழில் ஒரு சத்தம் போட்டார். பிள்ளை நின்றது. வரிசை நின்றது. பக்கத்து மேசையில் வேறு பரிசோதனை காட்டிக்கொண்டிருந்தவர்களும் நின்றார்கள். அண்ணை குடுவையை மூடிவிட்டு, முகம் கறுத்துப்போய், "வேலை போச்சுது, தங்கச்சி. பிறத்தியாற்றை பிள்ளையிலை கத்திப்போட்டன்" என்றார்.

தாய் கூட்டத்தை விலத்திக்கொண்டு நேரே அவரிடம் வந்தாள். மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அண்ணையைப் பார்த்து, "என்ன மொழி என்று தெரியவில்லை. என் மகள் ஒரு சொல்லுக்கு அடங்கி நின்றது இன்றைக்குத்தான். அதை எனக்கும் சொல்லித் தாருங்கள்" என்றாள்.

கீரைப் பை



ரேவதி சென்னைக்காரி, மண்ணை ஆராய்கிறவள். வில்லரே பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஊர்ச் சனம் துண்டு துண்டாகப் பங்கிட்டுத் தோட்டம் செய்கிற இடம் ஒன்று இருக்கிறது. முன்பொரு காலத்தில் அது பெயின்ட் பட்டறை இருந்த நிலமாம். ரேவதி அங்கே மண் எடுத்துப் பரிசோதித்தாள். ஈயம் இருந்தது, இருக்கவேண்டியதைவிட மிகக் கூடுதலாக. முடிவு கைக்கு வந்த அன்றே பல்கலைக்கழகச் சட்டப் பிரிவு அவளை என்னிடம் அனுப்பியது. கோடை விடுமுறை முடிந்து ஒரு கூட்டம் வைத்துத் தோட்டக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டும். அதற்கு அவளைப் பழக்க வேண்டும். அதுவரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. "விடுமுறை முடியிற வரைக்கும் அவங்க அதைப் பறிச்சு சாப்பிட்டுட்டுதானே இருப்பாங்க, சாந்தினி?" என்று ரேவதி கேட்டாள். சட்டப் பிரிவில் கேட்டீர்களா என்றேன். கேட்டாளாம். முறைப்படிதான் செய்ய வேண்டும் என்றார்களாம்.

அன்று பின்னேரம் வீட்டு மணி அடித்தது. மலர் நின்றாள். மேல் மாடியில் இருக்கிறவள், என்னைப்போல மட்டக்களப்பு. சென்ட் லோரன்ட் பகுதியில் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவள், வயிற்றில் பிள்ளை வந்த பிறகு வீட்டில் இருக்கிறாள். கையில் பை நிறைய முளைக்கீரை. "அக்கா, இந்த முறை கீரை நல்லா வந்திரிக்கு. டொக்டரும் கீரை நல்லாச் சாப்பிடச் சொன்னவர். உங்களுக்கும் கொஞ்சம்" என்று நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவள் கை அப்படியே நீட்டியபடி நின்றது.

"மலர், இதைச் சாப்பிடாத. தோட்டத்தில இருந்து ஒண்டும் சாப்பிடாத."

"ஏன்?"

"நாளைக்குச் சொல்றன்."

"நாளைக்கு என்னத்துக்கு? இப்ப சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றன், புள்ள. இண்டைக்குச் சாப்பிடாத."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், தன் வயிற்றில் கை வைத்தாள். பிறகு பையை என் வாசலில் வைத்துவிட்டு, படியில் ஏறும்போது திரும்பாமல் சொன்னாள்: "நான் இதைச் சாப்பிட்டுத்தான் இவ்வளவு நாளும் இருந்தனான்."

கூடுதலான அளவு

காலையில் நத்தலியின் அறைக்குப் போனபோது சட்டப் பிரிவின் சட்டத்தரணி ஏற்கெனவே அங்கே இருந்தார். ரேவதியும் இருந்தாள். அயலவள் ஒருத்தியிடம் சாப்பிடாதே என்று சொல்லிவிட்டேன் என்றேன். அவர் பேனையை மெதுவாகக் கீழே வைத்தார். "உங்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது." "தெரியும்." "நாங்கள் முதலில் நகரசபைக்கு அறிவிக்க வேண்டும். அறிக்கையைச் சரிபார்க்க வேண்டும். இந்த நிலத்துக்கு யார் பொறுப்பு என்று தெரியாமல் வாய் திறந்தால் வழக்கு எங்கள் தலையில் வந்து விழும்." கெட்ட மனிதர் இல்லை அவர்; தன் வேலையைச் செய்கிற மனிதர். இந்த வேலை போனால் எங்கள் வீடு ஓடாது. மகன் கல்லூரிக்குப் போகிறான், புருஷனுக்கு முதுகுவலியால் வேலை குறைவு. ஆனாலும் மலர் படியேறின விதம் கண்ணை விட்டுப் போகவில்லை.

"அவள் இதற்குள் தோட்டக்காரர் எல்லாருக்கும் போன் எடுத்திருப்பாள். இந்தக் கிழமை நீங்கள் கூட்டம் வைத்தால் அது உங்கள் கூட்டம். வைக்காவிட்டால் அவர்களே வைப்பார்கள்" என்றேன். சட்டத்தரணி நத்தலியைப் பார்த்தார். நத்தலி ஜன்னலைப் பார்த்தாள்.  ரேவதிதான் எழும்பி, "நீங்க கூட்டம் வைக்கலைன்னா இன்னைக்கு சாயந்திரம் நானே வீடு வீடா போறேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, தான் தமிழில் சொன்னதை உணர்ந்து, அதையே பிரெஞ்சில் சொன்னாள்.

சட்டத்தரணி ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். கூட்டத்துக்கு ஒத்துக்கொண்டார். எழுதிய தாளை ரேவதியிடம் நீட்டி, "இதை மட்டும் வாசியுங்கள். ஆபத்து என்ற சொல் வேண்டாம். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான அளவு என்று சொன்னால் போதும்" என்றார்.

தேவாலயத்து மண்டபம்

கூட்டம் பக்கத்துத் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில். நல்ல வெக்கை. மின்விசிறிகள் சத்தம் போட்டனவே தவிரக் காற்று வரவில்லை. கிரேக்கர், வங்காளிகள், ஹெய்ட்டிக்காரர், எங்கள் தமிழ்ச் சனம் என்று மண்டபம் நிறைந்து கதவு வரை நின்றார்கள். சட்டத்தரணி பின்சுவரோடு நின்றார். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: நாங்கள் பழக்கிய ஆள் மேடையில் இருக்கும்போது நாங்கள் குறுக்கே போகக் கூடாது. நான் முன் வரிசையில் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். ரேவதி தாளைப் பார்த்து, "எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான அளவு" என்று பிரெஞ்சில் வாசித்தாள். ஒரு கிரேக்கப் பெரியவர் எழும்பினார். "அளவை விடு அம்மா. சாப்பிடலாமா, கூடாதா?" ரேவதி தாளைப் பார்த்தாள். அதில் அதற்குப் பதில் இல்லை. சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. யாரோ கதிரையைப் பின்னால் தள்ளினார்கள்.

மலர் நடு வரிசையில் எழும்பினாள். "மிஸ், நீங்க தமிழ்தானே? எனக்குத் தமிழில சொல்லுங்க. நான் புள்ளத்தாய்ச்சி. போன வருசமும் இந்தக் கீரை, இந்த வருசமும் இந்தக் கீரை. இப்ப நான் என்ன செய்ய?" ரேவதி தாளை மடித்தாள்.  "முதல்ல அதை நிறுத்திடுங்க. அது ஆபத்து. நாளைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணணும்" என்றாள். மண்டபம் கொதித்தது. தமிழில் என்ன இரகசியம் கதைக்கிறீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள் என்று நாலு பக்கமும் சத்தம். ஒருவர் மேடைப் பக்கம் வந்துவிட்டார். அப்போது நான் எழும்பினேன். விதி போகட்டும். ரேவதி ஒரு வசனம் தமிழில் சொல்ல, நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். ஆஸ்பத்திரியில் செய்த அதே வேலை. "ஆபத்து" என்ற சொல்லையும் சொன்னேன், பின்சுவரைப் பார்க்கவில்லை. "குழந்தைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியலைங்க. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன். டாக்டர்கிட்ட நானும் உங்க கூட வரேன்" என்றாள் ரேவதி.  மலர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் முறை முயன்றுதான் என் வாயால் அந்த வசனம் பிரெஞ்சில் வந்தது.

மண்டபம் அடங்கியது. மேடைப் பக்கம் வந்தவர் திரும்பிப் போனார். கிரேக்கப் பெரியவர் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கதிரையை இழுத்து நேராக வைத்து, இருந்துவிட்டுச் சொன்னார்: "சரி. இப்போது இருக்கிறேன். முதலில் இருந்து சொல்லுங்கள்."

சொல்லச் சொன்னார்கள்

மறுநாள் நத்தலி என்னைக் கூப்பிட்டாள். வேலை போகிறது என்று நினைத்து, மேசையில் இருந்த என் சொந்தக் கோப்பைகளைப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் போனேன். கதவைச் சாத்தச் சொன்னாள். இருக்கச் சொன்னாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஆஸ்பத்திரியில் என்னைத் திரும்ப எடுப்பார்களா என்று நான் மனதுக்குள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று உனக்கு எச்சரிக்கை சொல்லச் சொன்னார்கள். சொல்லிவிட்டேன். அடுத்த வகுப்புக்குச் சட்டப் பிரிவில் இருந்து ஆட்களை அனுப்புகிறார்களாம். இடம் போதுமா பார்."

ஆஸ்பத்திரி வாசலில்

ரேவதி சொன்னபடியே மலரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நானும் போனேன். மலரின் புருஷனுக்குத் தொழிற்சாலையில் லீவு கொடுக்கவில்லை. பரிசோதனை முடிவு வரும்வரை மலர் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. படியில் கண்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். முடிவு சொல்கிற அன்று டொக்டரின் அறைக்கு வெளியே நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். ரேவதி தன் போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த பிரெஞ்சு அறிவித்தலை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே கூப்பிட்டதும் மலர் தனியாகப் போனாள். எங்களை வரச் சொல்லவில்லை.

கதவு திறந்தபோது அவள் அழுதிருந்தாள். எந்த அழுகை என்று எங்களுக்குத் தெரியவில்லை. ரேவதி எழும்பினாள். ஊரையெல்லாம் கேள்வி கேட்டுப் பழக்குகிறவள் நான், அந்த ஒரு கேள்வி வாயில் வரவில்லை. "பயப்படுற அளவு இல்லையாம். புள்ள பிறக்க முதல் இன்னொருக்கா பார்க்க வேணுமாம்" என்றாள் மலர். ரேவதி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். அந்தக் கோடையிலேயே தோட்டத்தை மூடி, அடுத்த வருடம் பெட்டிகள் அடித்து வெளியிலிருந்து புதுமண் கொண்டுவந்து நிரப்பினார்கள். மலருக்குப் பெண்பிள்ளை பிறந்தது, நல்ல சுகம்.

முடிவு வந்த அன்றைக்கு மெட்ரோவில் வீட்டுக்கு வரும்போது மலர் என் பக்கத்தில் வந்து இருந்தாள். இறங்குகிற இடம் வந்ததும் என் கையைப் பிடித்து எழும்பிக்கொண்டு சொன்னாள்: "அண்டைக்கு வாசல்ல உங்கட முகத்தப் பார்த்தே எனக்கு விளங்கிற்று, அக்கா. நீங்க வாயால சொன்னதுதான் விளங்கல்ல."

இவ்வளவுக்கும் பிறகு, சொந்தக்காரரின் கலியாண வீட்டில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி யாராவது மைக்கோடு என் பக்கம் வருவதைக் கண்டால், கை கழுவுகிற இடத்துக்கு முதலில் போய்ச் சேருகிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.